புகழுரையில் என்ன எழுதுவது

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. காலையில் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி, நாசி கண்டார் கடைப் பக்கம் போய்விட்டு வந்து, "வெறும் தேத்தண்ணிதான் குடித்தேன்" என்கிறார். சட்டையில் குழம்பு.

உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷப் பட்டமளிப்பு விழாவில் சாதனைப் பெண்கள் சிலரைக் கௌரவிக்கப் போகிறார்கள், அந்தக் குழுவில் உன்னையும் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். புகழுரை வரைவையும் அனுப்பி, "கொன்வோ வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள் நீ, பார்த்துச் சொல்லும்மா" என்று ஐஸ் வேறு வைத்திருக்கிறாய். படித்தேன். மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

"பெண் குலத்தின் விடிவெள்ளி", "தியாகச் சுடர்", "எளிமையின் இலக்கணம்". பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பார். யாரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று அந்தம்மாவுக்கே தெரியாது. பதிவாளர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் மேடைக்குப் பின்னால் நின்று இந்த மாதிரி வரிகளைக் கேட்டவள் நான். மண்டபத்தில் கைதட்டுவார்கள். தேநீர் நேரத்தில், "அந்தம்மா என்னதான் செய்தாங்க?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள்.

செய்ததைச் சொல்லு. அதோடு, செய்யவிடாமல் எது குறுக்கே நின்றது என்பதையும் சொல்லு. இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

உன் பட்டியலில் முன்னோடிகள் என்று ராசம்மா பூபாலன் பெயர் இருக்கிறது. சந்தோஷம். ஆனால் "கல்விக்குத் தொண்டாற்றியவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். 1927இல் பிறந்தவர். பதினாறு வயதில் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். போர் முடிந்து, படித்து, ஆசிரியையாக வந்து பார்த்தால், ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, ஒரே மணியடிப்பு, ஆனால் ஆம்பளை வாத்தியாருக்கு ஒரு சம்பளம், டீச்சருக்கு அதைவிடக் குறைச்சல். அரசாங்கச் சம்பளப் பட்டியலே அப்படித்தான் இருந்தது. 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தனிச் சங்கம் கண்டு அதன் முதல் தலைவராக நின்றார். சம வேலைக்குச் சம சம்பளம் என்பது நடைமுறைக்கு வர அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாய் ஆகிவிட்டது. உன் சின்னப் பாட்டி டீச்சராக இருந்தார்களே, சம்பளம் கூடிய மாதம் வீட்டுக்கு ஒரு தையல் மெஷின் வந்தது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். யார் போராடி அந்தக் காசு வந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, யாரும் மேடையில் சொன்னதும் இல்லை. நீ சொல்லு. "அரசாங்கம் குறைத்துக் கொடுத்தது, இவர் கேட்டு வாங்கினார்." அவ்வளவு எழுதினால் போதும், விடிவெள்ளி எல்லாம் வேண்டாம்.

இந்தக் கௌரவப் பட்டம் விவகாரத்தில் எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென்று கர்டன் கல்லூரி தொடங்கியது 1869இல். படிக்கலாம், பரீட்சை எழுதலாம், ஆம்பளைப் பிள்ளைகளை விட அதிக மார்க்கும் வாங்கலாம். முழுப் பட்டம் மட்டும் கிடையாது. 1948இல்தான் கதவு திறந்தது. திறந்ததும் முதல் பட்டம் யாருக்குப் போனது தெரியுமா? அங்கே ஒரு நாளும் படிக்காத, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி எலிசபெத் அரசியாருக்கு. கௌரவப் பட்டம்! எண்பது வருஷம் வாசலில் நின்றவர்கள் நிற்க, மகாராணி முதலில் உள்ளே போனார். நம் பினாங்கில் வளர்ந்த பி.ஜி. லிம் போருக்கு முன்னாலேயே அந்தக் கர்டன் கல்லூரியில் சட்டம் படித்தவர். பின்னாளில் மலேசியாவின் முதல் பெண் தூதராக வந்தவர். அவர் படித்து முடித்த சமயத்தில் அந்த ஊரில் பெண்ணுக்கு முழுப் பட்டம் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்று உனக்கே புரியும். உன் பட்டியலில் நாலாவது பெயர். அவர் கணவர் பெரிய பதவியில் இருக்கிறார் என்பதைத் தவிர அந்தப் பத்தியில் வேறு எதுவும் இல்லை. தர்ம காரியங்களுக்கு "ஆதரவு நல்கினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். காசோலையை யார் எழுதியது? கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவது கஷ்டம்தான், உன் வேலையையும் பார்க்க வேண்டும். எதிர்த்துப் பேசாதே, கேள்வி கேள். "இவர் செய்தது என்ன என்று ஒரு வாக்கியம் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல். நான் அப்படித்தான் பல கோப்புகளை மேசையிலேயே தூங்க வைத்திருக்கிறேன்.

எண்ணிக்கை போட்டுப் பேசினால் குழுவில் ஆம்பளைகள் கொஞ்சம் காது கொடுப்பார்கள். மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் உண்டானது. முதல் பெண் துணைவேந்தராக ரபியா சாலிம் வந்தது 2006இல். நம் வீட்டுக்குப் பக்கத்தில் மிண்டனில் இருக்கும் அறிவியல் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கியது, அங்கே அஸ்மா இஸ்மாயில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது 2016இல். மாணவர் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள் ஆகி எத்தனையோ வருஷம் ஆன பிறகு! அஸ்மாவைப் பற்றியும் "முதல் பெண்" என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். டைபாய்டு காய்ச்சலா இல்லையா என்று தெரிய இரத்தத்தை வளர்ப்புக்கு வைத்து நாள்கணக்கில் காத்திருந்த காலத்தில், சில மணி நேரத்தில் சொல்லிவிடும் டைபிடாட் சோதனையை உருவாக்கியவர் அவர். உன் மாமாவுக்குக் காய்ச்சல் வந்து, என்ன காய்ச்சல் என்று தெரியாமல் ஆஸ்பத்திரி நடையில் பாட்டி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தவள். எனக்குத் தெரியும் அந்தச் சில மணி நேரத்தின் விலை. "முதல்" என்ற சொல்லை எழுதினால் ஏன் இவ்வளவு நாள் ஆனது என்று எழுது. இல்லையென்றால் சோதனையைப் பற்றி எழுது.

அடுத்தது அந்த ரோஜாப்பூ யோசனை. பட்டதாரிகளின் தாய்மார்களை எழுந்து நிற்கச் சொல்லி, ஆளுக்கொரு ரோஜா கொடுத்து, பின்னணியில் சோகமாக வயலின் வாசிப்பதாம். யார் மூளையில் உதித்ததோ! வேண்டாம் பாப்பா. என் அம்மா விடியற்காலை தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, பால்மரம் சீவி, மங்குக் கிண்ணத்தில் பால் எடுத்து, வாளி சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் ஊற்றி எங்களைப் படிக்க வைத்தார். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் சம்பளமும் இல்லை. ஆயாக் கொட்டகையில் விட்டுப் போன பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடி வர வேண்டும். இது அவருடைய சாதனை என்று மேடையில் பாடினால் எனக்குக் கோபம்தான் வரும். அது அவர் தலையில் ஏற்றி வைத்த பாரம். பாரத்துக்கு மாலை போட்டால், ஏற்றி வைத்தவன் முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வான். அம்மாக்களுக்கு நல்லது செய்ய வேண்டுமென்றால் முட்டி வலிக்காத நாற்காலி போடு, கழிப்பறைக்கு வழி காட்டி அட்டை வை.

தோட்டத்துப் பெண்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும் என்றால் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது. ஜானகி ஆதி நாகப்பன் பெயரையும் சேர்த்திருக்கிறாய். கோலாலம்பூரில் வசதியான வீட்டில் பிறந்து, நேதாஜி பேச்சைக் கேட்டுக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர், ஜான்சி ராணிப் படையில் இரண்டாம் நிலைத் தளபதி, 1946இல் ம.இ.கா. என்கிற மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சி தொடங்கியபோது நிறுவன உறுப்பினர், 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ, 2014இல் காலமானார். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய். ஆனால் அந்தப் படையில் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் பால்மரத் தோட்டத்துப் பெண்கள். அவர்களுக்குக் கழற்றிக் கொடுக்கத் தோடு இல்லை. போர் முடிந்ததும் அதே லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பி, மறுபடி கத்தியைத் தீட்டிக்கொண்டு மரத்துக்குப் போனார்கள். ஜானகியம்மா பத்தியில் இரண்டு வரி அவர்களுக்கும் கொடு. அவரைக் குறைத்ததாக ஆகாது.

மேடை ஏற்பாட்டில் சில சில்லறை விஷயம் இருக்கிறது. ஜூபா என்கிற பட்டமளிப்பு அங்கிக்கு மேலே முதுகில் தொங்கும் வண்ணத் துணி, ஹூட் என்கிறோமே, அதன் முன்பக்கம் சட்டைப் பொத்தானில் மாட்டுவதற்கென்று ஒரு சின்னக் காது தைத்திருக்கும். பையன்கள் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சேலையில் பொத்தானுக்கு எங்கே போவது? தலைத்துண்டு போட்டு மூடிய மலாய்ப் பெண்களின் பாஜு கூரோங் உடையில் எங்கே தேடுவது? துணி பின்னால் வழுக்கி வழுக்கித் தொண்டையை நெரிக்கும். மேடையேறி வேந்தருக்கு முன்னால் தலை குனியும்போது அது ஒரு பக்கம், நாலு மூலைத் தொப்பி ஒரு பக்கம். மல்லிகைச் சரம் வைத்த கொண்டைக்கு மேலே அந்தத் தொப்பி நிற்கவே நிற்காது. நான் மைலோ டின் நிறைய ஊக்கும் ஹேர்பின்னும் வைத்துக்கொண்டு வரிசையின் வாசலில் நிற்பேன். யாரும் என்னிடம் ஒப்படைத்த வேலை இல்லை. மேலதிகாரி ஒருவர் இதெல்லாம் கணக்கில் வராது என்று சொல்லி ஊக்கு வாங்கிய ரசீதைத் திருப்பிக் கொடுத்தார். அது கிடக்கட்டும். கௌரவிக்கப்படும் அம்மாக்களுக்கு வயசாகியிருக்கும். சிவப்பு அங்கி கனம், தரையில் புரளும், படியில் காலைத் தட்டும். முன்கூட்டியே உயரம் கேட்டு அங்கி எடு, படிக்குக் கைப்பிடி வை. ஒத்திகையன்று அவர்களை வெயிலில் நிற்க வைக்காதே.

பெயர் வாசிப்பவரையும் கவனி. நம் பிள்ளைகளின் பெயர் எப்படியெல்லாம் கொலையாகும் என்று உனக்குத் தெரியும். கயல்விழி மேடை ஏறுவதற்குள் 'காயல்விலி' ஆகிவிடுவாள். வாசிப்பவருக்குப் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பிவிடு. ஒருவருக்கு விருது கொடுத்துவிட்டு அவர் பெயரைத் தப்பாகச் சொல்வதைப் போல அசிங்கம் வேறு இல்லை.

இன்னொன்று, காலம் கடத்தாமல் செய்யச் சொல். 2011 ஜூலை 9 உனக்கு ஞாபகம் இருக்கும், தேர்தல் நேர்மையாக நடக்க வேண்டும் என்று கேட்ட பெர்சே பேரணி. மஞ்சள் சட்டை போட்டாலே பிடிக்கிறார்கள் என்று நான் உன்னை வெளியே விடவில்லை. அதற்குத் தலைமை தாங்கிய அம்பிகா சீனிவாசனை இங்கே சிலர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்த அதே மாதம், அவர் 1979இல் சட்டம் படித்து முடித்த இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் கூப்பிட்டுக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எல்லாம் அடங்கி, எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகு கொடுப்பதற்கு என்ன துணிச்சல் வேண்டும்? உங்கள் கல்லூரிக்கு அவ்வளவு தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ கேட்டுப் பார்.

கடைசிப் பெயர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அந்தம்மா. உன் பட்டியலிலேயே எனக்குப் பிடித்த பெயர் அதுதான், உன் வரைவிலேயே மோசமான பத்தியும் அதுதான். "நடமாடும் தெய்வம்" என்று எழுதியிருக்கிறாய். தெய்வத்துக்குச் சம்பள பாக்கி இருக்காது, இரவு வேலை இருக்காது. நேரில் போய்ப் பார், காஜாங் பக்கம்தானே. எத்தனை லயத்துக்கு அவர் ஒருத்தி, பிரசவ வலி வந்தால் எதில் ஏறிப் போனார், டாக்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்தார், மருந்து தீர்ந்து போனால் யாரிடம் சண்டை போட்டார் என்று கேள். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டு. வெட்டச் சொன்னால் வெட்டிவிடு.

திருத்தியதை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு, சனிக்கிழமை தங்கச்சி வந்தால் எனக்குப் படிக்க நேரம் இருக்காது. பட்டர்வொர்த்திலிருந்து ஈடிஎஸ் ரயில் டிக்கெட்டை மாப்பிள்ளையிடம் இப்போதே போடச் சொல், விழா நெருங்கினால் சீட் கிடைக்காது.

அன்புடன்,
அம்மா