பழைய ஜீன்ஸ் இருக்கா? கூடவே கொஞ்சம் காசும்!

எல்லாருக்கும் வணக்கம். நம்ம சனிக்கிழமை மல்யுத்த கிளாஸ் கமிட்டி அஞ்சு பேர் சார்பா எழுதுறேன். டம்மி, அதாவது தூக்கிப் போட்டுப் பழகுற ஆள் மாதிரி பொம்மை செய்யப் போறோம். அதுக்கு கேக்குறது நன்கொடைதான், ஆனா காசை விட பழைய துணிதான் அதிகமா வேணும், அதனால பாதியிலயே ஓடிடாதீங்க.

நம்ம கிளாஸ்ல எப்பப் பாரு ஒத்தப்படைதான். ஒருத்தர் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சிக்குப் போயிடுவாரு, ஒருத்தருக்கு நைட் ஷிஃப்ட், இன்னொருத்தர் பையனுக்கு டியூஷன், கடைசில 85 கிலோ அண்ணனுக்கு ஜோடின்னு பாத்தா 9 வயசுப் பாப்பா மட்டும் நிக்குது. மாமல்லன்னு பட்டம் வாங்குன நரசிம்மவர்மன் ராஜா, அவருக்கு பழக ஆளு கிடைக்காமயா போயிருக்கும், நமக்குத்தான் இந்தக் கஷ்டம். கோச் என்னடான்னா ஹிப் த்ரோ (இடுப்புல ஏத்தித் தூக்கிப் போடுறது) அம்பது தடவை போடுங்கன்னு சொல்லிட்டு போயிடுறாரு, யாரு முதுகைக் குடுக்கிறது? போன மாசம் ஒரு தம்பி நல்ல மனசோட அம்பது தடவை விழுந்துட்டு திங்கக்கிழமை எம்ஆர்டி ரயில்ல சீட் காலியா இருந்தும் நின்னுக்கிட்டே வேலைக்குப் போனாப்ல. அதான் டம்மி செய்யலாம்னு முடிவு.

கடைல வாங்கலாமேன்னு கேப்பீங்க. பாத்தாச்சு. நிறைய டம்மி வெறும் உறையாத்தான் விக்கிறாங்க, உள்ள நாமதான் திணிக்கணும், அதுக்கு எதுக்கு அவ்வளவு காசுன்னு தோணிச்சு.

முதல் டம்மி கதை பழைய ஆளுங்களுக்குத் தெரியும், புதுசா வந்தவங்களுக்காக சொல்றேன். உள்ள பிவிசி பைப்ல எலும்புக்கூடு, ஜீன்ஸ் கால்ல மணல். ஒரு லிட்டர் மணல் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ, ஒரு ஆளு உடம்பு அறுபது லிட்டர்னா நீங்களே பெருக்கிப் பாருங்க. அதனால பாதிதான் போட்டோம், அந்தப் பாதியும் போகப் போக கீழ இறங்கி கால் ரெண்டும் கல்லு மாதிரி ஆகி தோள் தொளதொளன்னு தொங்கிடுச்சு. மூணாவது வாரம் தூக்கிப் போட்டப்ப பைப் உடைஞ்சு துணியைக் கிழிச்சுட்டு வெளிய வந்துருச்சு, மேட் பூரா மணல், கூட்டி முடிக்க ராத்திரி பத்து மணி. நல்லவேளை யாரையும் குத்தல. அரிசி போடலாம்னு ஒரு ஆண்டி சொன்னாங்க, நம்ம ஊரு புழுக்கத்துக்கு ஒரு மாசத்துல வண்டு வந்துரும் ஆண்டி, மன்னிச்சுக்கோங்க.

இந்தத் தடவை பைப்பும் கிடையாது மணலும் கிடையாது. பைப்புக்குப் பதிலா தடிச்ச கயிறு, சுத்தி இறுக்கமா துணி, மேல கேன்வாஸ். கழுத்துக்கு பழைய யோகா மேட்டை சுருட்டி டேப் ஒட்டப் போறோம், கழுத்து கெட்டியா இல்லன்னா பிடி போட்டுப் பழகவே முடியாது. எனக்கு ரொம்பப் பிடிச்சது கை ஐடியாதான்: பழைய சைக்கிள் டியூபை ஒரு கையிலேர்ந்து தோள் வழியா அடுத்த கை வரைக்கும் ஓட்டிட்டா, கையை இழுத்து விட்டதும் தானா திரும்பி வந்து நம்மளக் கட்டிப் பிடிச்சுக்கும். டியூப் சைக்கிள் கடை அங்கிள் சும்மாவே தர்றேன்னுட்டாரு.

மொத்தம் ரெண்டு டம்மி. பெரியவங்களுக்கு 28 கிலோல நிக்கிற மாதிரி ஒண்ணு, பிள்ளைங்களுக்கு 12 கிலோல முட்டி போட்ட மாதிரி ஒண்ணு.

செலவு 240 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கேன்வாஸ் 70, தேக்கால தையக்காரர் கூலி 60, டேப் 35, கயிறு 20, தடிச்ச நூலும் ஊசியும் 15, மிச்சம் 40 உருட்டிட்டுப் போற தள்ளுவண்டிக்கு. வண்டி எதுக்குன்னு கேக்காதீங்க, போன தடவை டம்மிய தோள்ல போட்டுக்கிட்டு லிஃப்ட்ல ஏறினப்ப உள்ள இருந்த பாட்டி போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. கமிட்டி போட்டது 95, இன்னும் 145 வேணும். அஞ்சு வெள்ளி குடுத்தாலும் சரி, பொருளாளர் அக்காகிட்ட நேர்லயோ இல்லன்னா ஃபோன்ல பேநவ் வழியாவோ குடுங்க, ரசீது எல்லாம் குரூப்ல போட்டுடுவோம். ஆனா தயவு செஞ்சு யாரும் நமக்காக வீடு வீடா கதவைத் தட்டி வசூல் பண்ணாதீங்க, அதுக்கு பெர்மிட் எடுக்கணும், இது நமக்குள்ள மட்டும்.

துணின்னா ஜீன்ஸ், துண்டு, பெட்ஷீட், கிழிஞ்ச கைலி எல்லாம் ஓகே. ஜிப், பட்டன் எல்லாத்தையும் வெட்டிட்டு துவைச்சு நல்லா காய வெச்சுத் தாங்க, லேசா ஈரம் இருந்தாலும் உள்ள பூஞ்சை பிடிச்சு மொத்தமும் நாறிடும். கிழிஞ்சு போன ஜூடோ டிரெஸ் யார்கிட்டயாவது இருந்தா அதுதான் தங்கம், டம்மிக்குப் போட்டு விட்டா காலர் பிடிச்சுப் பழகலாம்.

செஞ்சு முடிச்சா எங்க வைக்கிறதுன்னு இன்னும் முடிவாகல. காரிடார்ல வெச்சா நடக்க 1.2 மீட்டர் வழி விடணும், எங்க புளோக்ல அது நடக்காது, ஸ்டோர்ரூம்ல இடம் இருக்கிறவங்க கை தூக்குங்க.

அடுத்த சனிக்கிழமை கிளாஸுக்கு வரும்போது மூட்டையைக் கொண்டு வந்துடுங்க. அதுக்கு அடுத்த வாரம் ரெண்டு மணிலேர்ந்து கீழ்த்தளத்துல உக்காந்து திணிக்கப் போறோம், கத்தரிக்கோல் இருந்தா எடுத்துட்டு வாங்க, டீயும் வடையும் கமிட்டி செலவு.