அந்தக் 'கூட'வை மட்டும் விட்டுவிடுங்கள்

பொறியியல் கல்லூரிகளில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு புரோகிராமிங் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் 2011-இல் கணினி அறிவியல் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி, அதிலும் உயிரியல் குரூப். கணினியைத் தொட்டதே கல்லூரிக்கு வந்த பிறகுதான். இப்போது சென்னையில் மென்பொருள் வேலையில் பத்து வருடம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு போனில் பாடம் சொல்லித்தருகிறேன். அன்று நான் பட்டதையே இன்று அவர்களும் சொல்லிக் கேட்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் முதல் லேப் அன்று சார் உள்ளே வந்ததும், "சி லாங்குவேஜ் தெரிஞ்சவங்க கை தூக்குங்க" என்றார். அறுபது பேரில் பாதிக்கு மேல் தூக்கினார்கள். "சரி, அப்போ பேசிக்ஸ் வேகமா போயிடலாம்." அவ்வளவுதான் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சிலபஸ் பெரியது, செமஸ்டர் சின்னது, அவர் என்ன செய்வார். ஆனால் தூக்காத கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்த நிமிடமே ஒன்று மனதில் பதிந்துவிட்டது: இது அவர்களுடைய இடம், நாம் எப்படியோ உள்ளே வந்துவிட்டோம். கை தூக்கியவர்களில் பெரும்பாலோர் பிளஸ் ஒன்னிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள். எங்களைவிட இரண்டு வருடம் முன்னால் ஆரம்பித்தவர்கள். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டோம். அப்படி இல்லை என்று எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

மூன்றாவது வாரம் 'ஃபங்ஷன்' வந்தது. எனக்கு ஃபங்ஷன் என்றால் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. போர்டில் இருந்ததை அப்படியே அப்சர்வேஷன் நோட்டில் எழுதினேன், ரெக்கார்டிலும் எழுதினேன், அவுட்புட்டைப் பக்கத்து சிஸ்டத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். சிவப்பு மையில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அன்று ராத்திரி ஹாஸ்டலில் அழுதுகொண்டிருந்தபோது தர்மபுரிப் பக்கத்து சீனியர் அக்கா ஒருவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏய், இது சார்புடி" என்றார். கணக்கில் படித்த அதே சார்பு! பிறகு என் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பெட்டி வரைந்து, "இது மாவு மில்லு. பச்சரிசியைக் கொட்டினா அரிசி மாவு, கேழ்வரகைக் கொட்டினா கேழ்வரகு மாவு. மெஷின் ஒண்ணுதான். கொட்டுறதுதான் ஆர்கியுமென்ட், வெளிய வர்றது ரிட்டர்ன் வேல்யூ" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சார்புக் கணக்குகளை நான் பள்ளியில் தூக்கத்தில்கூடப் போடுவேன். ஆங்கிலப் பெயர் ஒன்று தெரியாமல் போனதற்காக மூன்று வாரம் என்னையே முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு தடவை உள்ளே புகுந்துவிட்டால் அந்த நினைப்பு லேசில் வெளியே போவதில்லை. கடைசி வருடம் பிளேஸ்மென்ட் பட்டியலில் என் பெயர் வந்தது. எங்கள் வகுப்பில் என் பெயரிலேயே இன்னொருத்தி இருந்தாள், இனிஷியல் மட்டும்தான் வேறு. நான் மூன்று தடவை இனிஷியலைப் பார்த்தேன். அப்போதும் நம்பிக்கை வராமல், டைப் அடித்தவர் தப்பாக அடித்திருப்பார் என்று இரண்டு நாள் வீட்டுக்குச் சொல்லவே இல்லை. வேலையில் சேர்ந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேலாளர் "ஒரு நிமிஷம் வாங்க" என்று கூப்பிட்டாலே வயிறு கலங்கும். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைப்பேன். எதைக் கண்டுபிடிக்க? பாஸ் செய்தது நான், இன்டர்வியூவில் கேட்ட புரோகிராமை எழுதியது நான்.

இந்த மனநிலைக்கு 1978-இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், நன்றாகப் படித்து நல்ல நிலையில் இருந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பேசிப் பார்த்து எழுதினார்கள். தங்கள் வெற்றியை அதிர்ஷ்டம் என்றோ யாரோ செய்த தவறு என்றோதான் அந்தப் பெண்கள் நினைத்தார்கள். தகுதி இருந்தும் தன்னைப் போலி என்று நினைத்துப் பயப்படும் இதை இன்று எல்லோரும் இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்கிறார்கள். அந்த இருவரும் அதை ஒரு நோயாகச் சொல்லவில்லை.

நம் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பிளேஸ்மென்ட் பட்டியல் முன்னால் நின்ற எனக்கு அந்தப் பெயர் பொருந்தும். முதல் லேபில் உட்கார்ந்திருந்த எனக்குப் பொருந்தாது, ஏனென்றால் அன்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் "உன்னால முடியும்மா, தைரியமா இரு" என்றால் பயம் இன்னும் கூடத்தான் செய்யும். தெரியாததைச் சொல்லிக்கொடுத்தால் போதும், தைரியம் தானாக வரும். இன்று லேபில் சாட்ஜிபிடி தந்ததை ஒட்டி அவுட்புட் காட்டும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அவுட்புட் வருகிறது, மார்க் வருகிறது, உள்ளுக்குள் நாம் ஏமாற்றுகிறோம் என்ற எண்ணமும் கூடவே வளர்கிறது. அந்த எண்ணத்தில் பாதி உண்மையும் இருக்கிறது. அவர்களைத் திட்டாமல், "இந்த நாலாவது வரி என்ன செய்யுதுன்னு எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

கலிஃபோர்னியாவில் ஹார்வி மட் என்று ஒரு சிறிய கல்லூரி இருக்கிறது. அங்கே 2006 வாக்கில் கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களில் பத்தில் ஒருவர்தான் பெண். முதல் பாடத்தையே மாற்றிப் பார்த்தார்கள். ஜாவா என்ற கணினி மொழிக்குப் பதில் பைத்தான் மொழி. ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர்களுக்குத் தனி வகுப்பு, புதிதாக வருகிறவர்களுக்குத் தனி வகுப்பு. எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் மாணவரைத் தனியே கூப்பிட்டு, "உன் கேள்விகளை நாம் தனியாகப் பேசலாம், வகுப்பில் மற்றவர்கள் மிரண்டுபோகிறார்கள்" என்று பக்குவமாகச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் பத்தில் நான்கு பேர் பெண்கள். அவர்களிடம் பணம் அதிகம், மாணவர்கள் குறைவு என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் லேபுக்கு நம்மிடமும் பேட்ச் பிரிக்கிறோமே! பதிவு எண் வரிசையில் பிரிப்பதை, முன்அனுபவம் பார்த்துப் பிரித்தால் ஒரு ரூபாய் செலவில்லை. கை தூக்கச் சொல்லாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். முதல் செமஸ்டர் மட்டும் போதும்.

அப்புறம், உங்கள் தப்பைப் பிள்ளைகள் பார்க்கட்டும். எங்களுக்கு வந்த புரோகிராம் எல்லாம் பழைய நோட்டிலிருந்து போர்டுக்கு முழுசாக, சுத்தமாக இறங்கும். தெரிந்தவர்கள் இப்படித்தான் ஒரே மூச்சில் எழுதுவார்கள் என்று நம்பினோம். வேலைக்கு வந்த பிறகுதான் பதினைந்து வருட அனுபவம் உள்ளவர் ஒரு ஒப்பீட்டுக் குறியைத் தேடி ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. டொனால்ட் நூத் என்ற கணினி அறிஞர், அந்தத் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருதை 1974-இல் வாங்கியவர். டெக் என்ற தன் அச்சுக்கோப்பு மென்பொருளில் பத்து ஆண்டுகளாகத் திருத்திய பிழைகளையும் செய்த மாற்றங்களையும் வரிசையாகக் குறித்து வைத்து, 1989-இல் வெளியிட்டார். 800-க்கும் மேல். தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு 2.56 டாலர் செக்கும் அனுப்பினார். அவர் எழுதியதிலேயே இவ்வளவு பிழை என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், சிவப்பாக வரும் ஒவ்வொரு எரரையும் என் தலையெழுத்து என்று நான் நினைத்திருக்க மாட்டேன். புரொஜெக்டரில் நீங்களே டைப் செய்யுங்கள். எரர் வரும். வரட்டும். அதைச் சத்தமாகப் படித்து, எங்கே பார்ப்பீர்கள் என்று சொல்லிக்கொண்டே சரிசெய்யுங்கள்.

2021-இலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு இடம் இருக்கிறது. பெரிய கல்லூரிகளிலும் அவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் "நீ கோட்டாவா?" என்று கேட்கிறார்கள். அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நீங்கள் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பதைத்தான் தாங்க முடிவதில்லை. "இது தெரியாதா?" என்றால் கேள்வி. தெரியாது சார் என்று சொல்லலாம், சொல்லிக்கொடுங்கள் என்றும் சொல்லலாம். 'கூட' வந்துவிட்டால் அது தீர்ப்பு. அதற்குப் பிறகு வாயே திறக்காது, நாலு வருடமும் திறக்காது. நீங்கள் அசதியில், அறுபதாவது வைவாவில் சொல்லியிருப்பீர்கள். எனக்குப் புரிகிறது. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த ஒரு வார்த்தையை விட்டுவிடுங்கள்.

போன ஞாயிறு நான் சொல்லித்தரும் பிள்ளைகளில் ஒருத்தி, "அக்கா, எனக்கு இந்தக் கோர்ஸ் செட் ஆகாதோ?" என்றாள். மெமரியில் ஒரு மதிப்பு இருக்கும் இடத்தின் முகவரியைக் குறித்து வைக்கும் பாயின்டர் புரியவில்லையாம். தபால்பெட்டியும் கதவு எண்ணும் வைத்துப் பேசினோம். ஒரு மணி நேரத்தில் அவளே எனக்குத் திருப்பிச் சொன்னாள், ஓர் இடத்தில் நான் விட்டதையும் சேர்த்து. இரண்டு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை மதியம் அவளுக்கு லேப். கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்களிடம் படித்த ஒரு மாணவி