இம்பாக்ட் பிளேயர் விதி பற்றி, தம்பிக்கு

தம்பி,

போனில் நீ அவசரத்தில் இருந்தாய், அதனால் பாதியிலேயே விட்டுவிட்டேன். இம்பாக்ட் பிளேயர் வந்த பிறகுதான் ஐபிஎல் விறுவிறுப்பாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டுமே அம்மா என்றாய். என்னால் அப்படி விட முடியவில்லை. ஆட்டத்தின் நடுவில் பதினொன்றில் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு வேறொருவரை இறக்கலாம் என்ற இந்த விதியை 2023-ல் கொண்டுவந்தார்கள், 2027 வரைக்கும் இருக்கும் என்று அணிகளிடம் கிரிக்கெட் வாரியம் சொல்லியும்விட்டது. எனக்கு அதில் சம்மதமே இல்லை. ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முன்பெல்லாம் பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பதற்குள் கேப்டனுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். 20 ஓவர் போட வேண்டும், ஒருவருக்கு 4 ஓவர்தான், ஆக குறைந்தது ஐந்து பவுலர் வேண்டும், அதில் ஒருவருக்கு அன்றைக்கு அடி விழுந்தால் சமாளிக்க ஆறாவதாக ஓர் ஆள் வேண்டும், அதே நேரத்தில் எட்டாவது இடம் வரைக்கும் மட்டை பிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இத்தனையையும் பதினொன்றுக்குள் அடக்க வேண்டுமென்றால் இரண்டு வேலையும் தெரிந்தவர்கள் இல்லாமல் முடியாது. அந்த நெருக்கடியில்தான் ஆல்ரவுண்டருக்கு மதிப்பு. இப்போது டாஸுக்குப் போகும்போதே கேப்டன் கையில் இரண்டு சீட்டு. முதலில் பேட்டிங் என்றால் ஒன்று, பவுலிங் என்றால் இன்னொன்று. பாதி ஆட்டத்தில் நடுவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்குவார், அடித்து முடித்த பேட்ஸ்மேன் உட்கார்ந்துகொள்வார், ஒரு முழுநேர பவுலர் உள்ளே வருவார். முதல் முதலாக அப்படி வந்தது நம்ம சென்னை அணியில்தான், ராயுடு போய் துஷார் தேஷ்பாண்டே வந்தார், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அன்றைக்கே அது பிடிக்கவில்லை.

ரோகித் சர்மா 2024-லேயே வெளிப்படையாகச் சொன்னார், கிரிக்கெட் பதினொரு பேர் ஆடுவது, பன்னிரண்டு பேர் ஆடுவதல்ல என்று. சிவம் துபேவும் வாஷிங்டன் சுந்தரும் பந்து வீச வாய்ப்பு இல்லாமல் போவது நல்லதல்ல என்று பெயர் சொல்லியே சொன்னார். அடுத்த வருஷம் அவரையே மும்பை பல ஆட்டங்களில் இம்பாக்ட் பிளேயராக இறக்கியது, அது வேறு.

வாஷிங்டன் விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. 2024-ல் ஹைதராபாத் அவரை இரண்டே ஆட்டங்களில்தான் ஆட வைத்தது. சரி, அப்படி என்ன பெரிய ஆள் என்று நீ கேட்கலாம். 2021 பிரிஸ்பேன் டெஸ்டை எடுத்துக்கொள். ஆஸ்திரேலியாவில் பயிற்சியில் பந்து போடும் நெட் பவுலராகத்தான் அவரைத் தங்க வைத்திருந்தார்கள், மூத்த ஆட்கள் வரிசையாகக் காயம்பட்டதால் உள்ளே வந்தார், அதுதான் அவருடைய முதல் டெஸ்ட், ஸ்மித் விக்கெட்டை எடுத்தார், அப்புறம் 186-க்கு 6 விக்கெட் போயிருந்த நேரத்தில் ஷர்துலோடு சேர்ந்து 123 ரன். அது இல்லாமல் கடைசி நாள் பண்ட் அடித்து ஜெயிக்க வைத்த அடிக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும்?

அடுத்து மான்செஸ்டர், 2025 ஜூலை, இங்கிலாந்தோடு டெஸ்ட். 311 ரன் பின்தங்கி இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கினோம், முதல் ஓவரிலேயே ரன் எடுக்காமல் இரண்டு விக்கெட். ராகுல் 90, கில் 103 எடுத்துவிட்டுப் போன பிறகும் தோல்வி பயம் போகவில்லை. ஜடேஜா வந்த முதல் பந்தே ஸ்லிப்பில் ரூட் கையில் பட்டு நழுவியது. அதற்குப் பிறகு அவரும் வாஷிங்டனும் அவுட்டே ஆகவில்லை, தம்பி. ஜடேஜா 89, வாஷிங்டன் 80-ல் இருக்கும்போது இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் கை கொடுத்து ஆட்டத்தை டிராவாக முடித்துக்கொள்ளலாம் என்று வந்தார், இவர்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். அவ்வளவு நேரம் நின்றவர்கள் சதம் அடிக்காமல் ஏன் போக வேண்டும்? 107, 101. இரண்டு பேருமே பந்தும் வீசத் தெரிந்தவர்கள். இந்த மாதிரி ஆட்களுக்கு உலகத்திலேயே பெரிய டி20 தொடரில் மட்டும் வேலை குறைந்துகொண்டே போவது எப்படி நியாயம்?

2024 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தையும் நினைத்துப் பார். 34-க்கு 3 என்று இருந்தபோது அக்சர் படேலைத்தான் மேலே அனுப்பினார்கள், 31 பந்தில் 47. சர்வதேச ஆட்டத்தில் இம்பாக்ட் பிளேயர் கிடையாது. அங்கே இந்தியாவுக்குத் தேவைப்படும் ஆளை இங்கே வளர்க்காமல் விட்டால் அப்புறம் எங்கே போய்த் தேடுவது? உள்நாட்டு டி20 தொடரான சையது முஷ்டாக் அலி கோப்பையில் இந்த விதியை வாரியமே எடுத்துவிட்டது. அங்கே வேண்டாம் என்று தெரிந்தவர்களுக்கு ஐபிஎல்லில் மட்டும் ஏன் வேண்டியிருக்கிறது?

இளம் பையன்களுக்கு வாய்ப்பு கிடைக்கிறது என்று சொன்னாய். வைபவ் சூர்யவன்ஷி 14 வயதில் இம்பாக்ட் பிளேயராகத்தான் முதலில் இறங்கினான், முதல் பந்தே சிக்ஸர், எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் அப்படி ஆடத் தெரிந்த பையனுக்குப் பதினொன்றுக்குள்ளேயே இடம் கிடைக்கும். அந்த வயதில் அவன் ஃபீல்டிங்கும் செய்ய வேண்டும், வெயிலில் 20 ஓவர் நிற்க வேண்டும், பவுலர் என்ன யோசிக்கிறான் என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அதெல்லாம் எப்போது கற்றுக்கொள்வான்?

ரன் மழை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் ஹைதராபாத் பெங்களூரில் 287, பஞ்சாப் கொல்கத்தா ஈடனில் 262-ஐத் துரத்தியே ஜெயித்தது. பிட்ச் தட்டையாக இருந்தது, பவுண்டரி சின்னது, எல்லாம் சரிதான். ஆனால் எட்டாவது இடம் வரைக்கும் பேட்ஸ்மேன் உட்கார்ந்திருக்கிறான் என்ற தைரியத்தில்தான் முதல் ஓவரிலிருந்தே சுற்றுகிறார்கள். விக்கெட் போனால் என்ன ஆகும் என்ற பயம் இல்லாத ஆட்டத்தில் எனக்குப் பதற்றமே வருவதில்லை.

மாற்று ஆளே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே இங்கிலாந்து தொடரில் ஓவல் டெஸ்டில் வோக்ஸ் ஒரு கையைக் கட்டுப்போட்டு ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு மட்டையோடு வந்தாரே, மான்செஸ்டரில் பண்ட் உடைந்த காலோடு நொண்டிக்கொண்டே படியிறங்கினாரே, அப்படி அடிபட்டவருக்குப் பதிலாக ஒருவர் வரட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நன்றாக இருப்பவரை வெளியே அனுப்பிவிட்டு இன்னொருவரைக் கூப்பிடுவதுதான் வேண்டாம் என்கிறேன்.

சென்னை அணிக்கு நீ கேப்டனாக இருந்து, இந்த விதியும் இல்லாமல், எந்தப் பதினொரு பேரை இறக்குவாய் என்று எழுதி அனுப்பு. ஆறாவது பவுலர் யார் என்றும் மறக்காமல் எழுது.

அம்மா