பழைய எஸ்பிரஸோ இயந்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு வால்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூடப்பட்ட காபிக் கடைகளின் எஸ்பிரஸோ இயந்திரங்களை வாங்கி, வீட்டிலேயே பழுது நீக்கிப் பயன்படுத்தும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய நல்ல செம்பும் பித்தளையும் மறுபடி வேலைக்கு வருவது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மெருகேற்றுவதைப் பற்றியும் காபித்தூள் அரைக்கும் பதத்தைப் பற்றியும் விரிவாகச் சொன்ன கட்டுரை, அந்த இயந்திரத்துக்குள் இருப்பது ஒரு கொதிகலன் என்பதை ஓரிடத்திலும் சொல்லவில்லை. அதைச் சொல்லவே இக்கடிதம்.

நான் பம்ப் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், இரண்டு காபித் தலைகள் (காபித்தூள் வைத்த கைப்பிடியை மாட்டி, அதன் வழியே வெந்நீரைச் செலுத்தும் பாகங்கள்) கொண்ட பழைய இத்தாலிய இயந்திரம் ஒன்றை வாங்கினேன். அந்தத் தலைகள் ‘ஈ61’ வகையைச் சேர்ந்தவை. மிலான் நகரத்து ஃபயேமா நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த அமைப்பு அது. அவ்வாண்டு பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின் (எக்லிப்ஸ்) நினைவாகவே அதற்கு அப்பெயர் வைத்தார்கள். அதுவரை கைப்பிடியை இழுத்துக் கொடுத்த அழுத்தத்தை அதில் மின் பம்ப் கொடுத்தது. சுமார் நான்கு கிலோ எடையுள்ள பித்தளைத் தலைக்குள் வெந்நீர் தானாகவே சுற்றி வந்து அதைச் சூடாக வைத்திருக்கும். இன்றும் அதே வடிவில் தலைகள் தயாராவதால், அறுபது வருடத்துப் பழைய தலைக்கும் கேஸ்கெட் கிடைக்கிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாட்டலாம். இத்தகைய பொருளைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

மேல்தகட்டைக் கழற்றியபோதுதான் என் கை நின்றுவிட்டது. கொதிகலனின் உச்சியில் பாதுகாப்பு வால்வு இருக்க வேண்டிய துளையில், வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றிய ஒரு போல்ட் இறுக்கப்பட்டிருந்தது. வால்வில் ஆவி கசிந்ததால் அடைத்துவிட்டதாகவும், அதன் பிறகு இயந்திரம் நன்றாக ஓடியதாகவும் விற்றவர் கூறினார். அத்துடன், கொதிகலனின் சூட்டை நிறுத்த வேண்டிய பிரஷர் ஸ்விட்ச்சின் முனைகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதாவது, மின்சாரம் கொடுத்தால் ஹீட்டர் நிற்காது. அழுத்தம் ஏறினால் வெளியேற வழியும் இல்லை.

இதன் பொருளை வாசகர்கள் உணர வேண்டும். இவ்வகைக் கொதிகலன்கள் வெளிக்காற்றைவிட ஒரு பாருக்குச் சற்று அதிகமான அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) வேலை செய்கின்றன. உள்ளே தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகியும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. கலன் பிளந்தால் அந்த அடக்கம் ஒரு நொடியில் போய்விடும். பத்து லிட்டர் தண்ணீரில் நூற்றுக்கு நான்கு பங்கு மட்டுமே ஆவியானாலும், அது சுமார் 600 லிட்டர் ஆவியாக அடுப்படிக்குள் விரியும். வழக்கமாக 1.8 பாரில் திறக்கும் அந்தச் சிறிய பித்தளை வால்வு ஒன்றுதான் இதைத் தடுக்கிறது. கல்யாண மண்டபங்களில் பாலில் ஆவியை விட்டு நுரை பொங்க ‘எஸ்பிரஸோ காபி’ தரும் இயந்திரம் வேறு வகையானது என்றாலும், அதற்கும் இதே விதிதான். இந்தியக் கொதிகலன் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கலன்களைத் தன் வரம்பில் சேர்ப்பதில்லை. ஆகவே வீட்டு இயந்திரத்தைச் சோதிக்க எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை.

நான் முதலில் புதிய வால்வும் ஸ்விட்ச்சும் வாங்கினேன். பிறகு கலனைத் திறந்தேன். கடையில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியிருக்க வேண்டும்; சிறுவாணித் தண்ணீருக்குப் பழகிய என் கண்ணுக்கு, உள்ளே கண்டது கல்குவாரி போலிருந்தது. தலைக்கு வெந்நீர் போகும் குழாயில் ஒரு பின்னல் ஊசி கூட நுழையவில்லை. உப்புப் படிவைச் சூடான நீரில் கரைத்த சிட்ரிக் ஆசிட்டில் பல தடவை ஊறவைத்து, நுரை அடங்கும்வரை மாற்றி மாற்றி ஊற்றிக் கரைத்தேன். அவசரப்பட்டுக் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு முன் யாரோ அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பித்தளை இணைப்பு ஒன்று மஞ்சள் போய் ரோஜா நிறத்தில் இருந்தது. துத்தநாகம் கரைந்து வெறும் செம்புச் சல்லடையாக மிஞ்சிய அந்தத் துண்டைக் குறட்டால் அழுத்தியதும் பிஸ்கட் போல் உடைந்தது.

அதன் பின்னரே அழுத்தச் சோதனை. கலன் முழுவதும் குளிர்ந்த நீரை நிரப்பி, காற்றை முற்றிலும் வெளியேற்றி, கைப்பம்பால் 2.7 பார் வரை ஏற்றி அரைமணி நேரம் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்ரஸர் காற்றால் இதை ஒருபோதும் செய்யக்கூடாது. நீர் அமுங்காததால் கலன் விரிசல் விட்டாலும் ஒழுகலோடு போகும், காற்றோ வெடிக்கும். ஹீட்டரில் மின்கசிவு உண்டா என்று மெக்கர் என்ற கருவியை வைத்துப் பார்ப்பதும், எர்த் இணைப்பைச் சரிபார்ப்பதும் எலக்ட்ரீஷியனிடம் விட வேண்டியவை. மிகப் பழைய இயந்திரங்களில் கலனைச் சுற்றியுள்ள வெள்ளைப் பொதி கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அதைப் பிய்க்காமல், தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

கடைசியாக, வீட்டுக்கு வெளியே வைத்து, ஸ்விட்ச்சின் திருகைச் சற்றுக் கூட்டி அழுத்தத்தை ஏற்றினேன். முள் 1.8-ஐத் தொட்டதும் வால்வு சீறித் திறந்தது. அதைக் கேட்ட பிறகே இயந்திரத்தை அடுப்படிக்குள் கொண்டு சென்றேன்.

தங்கள் கட்டுரையைப் படித்து ஏற்கெனவே இயந்திரம் வாங்கியவர்கள் இருக்கக்கூடும். மேல்தகட்டைக் கழற்றி, அந்தத் துளையில் இருப்பது வால்வா போல்ட்டா என்று பார்க்காமல் சுவிட்சைப் போட வேண்டாம் என்ற எச்சரிக்கையை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப் ஃபிட்டர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.