அப்பாவின் சாவிக்கொத்தும் பினாங்கு வீடும்

செண்பகனூர்,
கொடைக்கானல்.

அன்புள்ள துரை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே ஐப்பசி மழை இன்னும் விட்டபாடில்லை. பூண்டுப் பாத்தியில் தண்ணீர் நின்றுவிடக் கூடாதே என்று வாய்க்கால் வெட்டுவதிலேயே பகல் போய்விடுகிறது. இன்றுதான் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, உட்கார்ந்துவிட்டேன்.

பென்ஷன் பணத்தில் நானும் மல்லிகாவும் 24 நாள் மலேசியாவில் எப்படித் தங்கினோம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் கடிதம்.

என் அப்பாவை உனக்கு நினைவிருக்கும். லோயர் ஷோலா ரோட்டில் நான்கு பங்களாக்களின் சாவி அவரிடம் இருந்தது. சீசனுக்கு இரண்டு மாதம் வீட்டுக்காரர்கள் வருவார்கள், மீதிப் பத்து மாதம் வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். பனிமூட்டம் விலகியதும் அப்பா ஒவ்வொரு வீடாகப் போய் ஜன்னல்களைத் திறந்து வைப்பார். வாரம் ஒருமுறை கணப்பில் சீகை விறகு போட்டு மூட்டுவார். பீரோக்களைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். "பூட்டுன வீடு சீக்கு வந்த மாடு மாதிரிடா, தினம் போய்ப் பாக்கணும்" என்பார். ஒருநாள்கூட அந்த வீட்டு நாற்காலிகளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஹவுஸ் சிட்டிங் என்று இப்போது சொல்வது ஏறக்குறைய அந்த வேலைதான். வெளியூர் போகிறவர்கள் வீட்டையும் வளர்ப்புப் பிராணிகளையும் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். நாம் போய் அங்கே தங்கிப் பார்த்துக்கொள்கிறோம். நாம் வாடகை தர வேண்டாம், அவர்களும் கூலி தர மாட்டார்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைக்க இணையதளங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்துக்காரர்கள் 2010-ல் ஆரம்பித்த ட்ரஸ்டட்ஹவுஸ்சிட்டர்ஸ் அதில் பெரியது. ஆண்டுச் சந்தா கட்டிச் சேர வேண்டும். ஆனால் சேர்ந்தவுடன் யாரும் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். முன்னால் தங்கிய வீட்டுக்காரர்கள் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நாங்கள் பெங்களூரில் ஐந்து நாள், புதுச்சேரியில் எட்டு நாள் தங்கி இரண்டு நல்ல வார்த்தை வாங்கிய பிறகுதான் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தோம்.

பினாங்கு வீட்டுக்காரர்கள் ஒரு சீனத் தம்பதி. மகள் பிரசவத்துக்காக மெல்போர்ன் போகவேண்டியிருந்தது. வீட்டில் கோப்பி என்று பன்னிரண்டு வயது நாய், அப்புறம் இரண்டு பூனைகள். வீடியோவில் அரைமணி நேரம் பேசினோம். அந்த அம்மா எங்கள் வேலை, படிப்பு எதையும் கேட்கவில்லை, "வயதான நாயோடு பழக்கம் உண்டா?" என்றுதான் கேட்டார். மல்லிகா எங்கள் பழைய நாய் கடைசி இரண்டு வருடம் கண் தெரியாமல் இருந்ததையும் கிண்ணத்தை இடம் மாற்றாமல் வைத்து அதைப் பார்த்துக்கொண்டதையும் சொன்னாள். மறுநாளே சரி என்று சொல்லிவிட்டார்கள்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம். அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில். அப்புறம் ஃபெர்ரியில் கடலைத் தாண்டி ஜார்ஜ் டவுன். சந்தா, டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் ஒரு லட்சத்துக்குள் முடிந்தது, அதில் பாதி விமானத்துக்கே. 24 நாள் ஓட்டல் வாடகை என்று கணக்குப் போட்டிருந்தால் நாங்கள் கிளம்பியிருக்கவே மாட்டோம்.

வீடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்துபோகும் தூரம். பழனி மலையிலிருந்து போன எங்களுக்கு அங்கேயும் ஒரு தண்டாயுதபாணி! 513 படி ஏற வேண்டும். மல்லிகா வாரம் இரண்டு முறை ஏறினாள். தைப்பூசத்துக்கு வெள்ளித்தேர் வரும்போது சீனர்களும் தெருவில் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பார்களாம், கோயிலில் ஒரு பாட்டி சொன்னார். அதைப் பார்க்க இன்னொரு முறை போயே ஆகவேண்டும் என்கிறாள். அங்குள்ள தமிழர்கள் காலையில் நம்மைப் பார்த்தால் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் ஆச்சி பேசிய வார்த்தை அது. நம் ஊரில் கேட்டு எத்தனை வருடமாகிறது!

உனக்காகவே ஒன்றைப் பார்த்துவைத்தேன். பினாங்கு மலை ரயில். 1923-ல் ஓட ஆரம்பித்தது. உங்கள் குன்னூர் ரயில் அதற்குப் பல வருடம் முந்தியது, 1899-லேயே குன்னூருக்கு வந்துவிட்டதே. ஆனால் குன்னூர் ரயில் போலத் தண்டவாளப் பற்களைப் பற்றி ஏறும் பல்சக்கரம் இதில் கிடையாது. ஒரே கம்பிவடத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி, ஒன்று இறங்கும் எடை மற்றதை மேலே ஏற்ற உதவுகிறது. நடுவழியில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து இரண்டும் விலகிப் போகின்றன. முன்பு பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டுமாம், இப்போது ஒரே மூச்சில் போகிறது. நம் பக்கம் கல்லாறுக்கு மேலே பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம் என்று நீ பெருமையாகச் சொல்வாயே, இது அதைவிடச் செங்குத்து. லோகோ ஷெட்டில் அத்தனை வருடம் இருந்த நீ பக்கத்தில் இருந்திருந்தால் நான் இன்னும் நூறு கேள்வி கேட்டிருப்பேன்.

ஆனால் துரை, சுற்றிப்பார்க்கப் போகிறவன் போல இதில் ஊர் சுற்ற முடியாது. கோப்பியை நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விடக் கூடாது என்று எழுதிவைத்திருந்தார்கள். அதனால் பல நாள் ஒருவர் போனால் ஒருவர் வீட்டில். அவள் கோயிலுக்குப் போனால் நான் நாயோடு, நான் மலை ரயிலுக்குப் போனால் அவள். கணவனும் மனைவியுமாகப் போவதில் இது ஒரு பெரிய சௌகரியம். அங்கே ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. இருட்டில் கோப்பியோடு நடந்து திரும்பும்போது கடைகளில் விளக்கு எரிய ஆரம்பிக்கும். நான்காம் நாளே மீன்கடைக்காரர் எங்களைப் பார்த்தால் கோப்பிக்கு ஒரு தலையை எடுத்துவைத்துவிடுவார். ஒரே தெருவில் 24 நாள் நடந்தது எனக்கு நான்கு நாட்டைப் பார்த்த மாதிரி இருந்தது.

இரண்டாவது வாரம் கோப்பி சாப்பாட்டைத் தொடவில்லை. ஒரு வேளை, இரண்டு வேளை, மறுநாள் காலையும் இல்லை. மல்லிகா அதன் பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டாள். வீட்டுக்காரம்மா மருத்துவர் பெயர், போன் எண், செலவுக்கு ஒப்புதல் கடிதம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வைத்துவிட்டுப் போயிருந்ததால் பிழைத்தோம். கடைவாய்ப் பல் ஒன்று சீழ் வைத்திருந்தது. பிடுங்கி, மருந்து கொடுத்து, கஞ்சி கரைத்து ஊட்டி, மூன்றாம் நாள் வாலை ஆட்டிக்கொண்டு கிண்ணத்தடியில் வந்து நின்றது. அந்த மூன்று நாளும் நாங்கள் வாசலைத் தாண்டவில்லை. யாராவது ஹவுஸ் சிட்டிங் என்றால் இலவச ஓட்டல் என்று உன்னிடம் சொன்னால் நம்பாதே.

அப்புறம் ஒரு ராத்திரி பேய்மழை. பின்கதவு வழியாகத் தண்ணீர் புகுந்து புத்தக அலமாரியின் கீழ்த்தட்டை எட்டிவிட்டது. இருவருமாகப் புத்தகங்களை எடுத்து மேசைமேல் அடுக்கினோம். காலையில் துணி பீரோவைத் திறந்தேன், அதே வாசனை. லோயர் ஷோலா ரோட்டு வாசனை. கடலோர ஈரத்துக்கும் நம் மலை ஈரத்துக்கும் ஒரே வாசனைதான். அன்றிலிருந்து வெயில் தலைகாட்டிய போதெல்லாம் எல்லாக் கதவையும் திறந்து, தோல் செருப்புகளைத் துடைத்து, புத்தகங்களை விரித்து வைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகச் செய்தது. அவர்கள் திரும்பி வந்த அன்று அந்த அம்மா பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த வீட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், அவர்கள் மேசையில் சாப்பிட்டேன். அதையும் அவர் பார்த்திருக்க வேண்டும்.

விசா விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனமாக இரு. மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள் விசா வேண்டாம் என்று ஆக்கினார்கள். அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். ஆனால் கூலி வாங்காமல் வீட்டைப் பார்த்துக்கொள்வதையே வேலை என்று எடுத்துக்கொள்ளும் நாடுகளும் உண்டு. 2022-ல் கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண், பூனையைப் பார்த்துக்கொண்டு தங்கப்போகிறேன் என்று சொன்னதற்காக, வழியில் விமானம் மாற இறங்கிய அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார். அதனால் எந்த நாடானாலும் அவர்கள் தூதரகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேள். நாங்கள் அப்படிக் கேட்ட பிறகுதான் டிக்கெட் எடுத்தோம். மல்லிகாவுக்கு ஐரோப்பா ஆசையும் இருக்கிறது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். தங்கும் செலவு இல்லையென்றாலும் இதெல்லாம் இருக்கிறது. மெதுவாகச் சேர்த்து வருகிறோம்.

தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெளிநாடு வேண்டாம் என்று அவள் சொல்வதாக எழுதியிருக்கிறாய். தெரியாத வீட்டில் படுக்க ஒருமாதிரி இருக்கும், மல்லிகாவும் முதலில் அதையேதான் சொன்னாள். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் மகன் வீட்டுக்கு இரண்டு வாரம் போகிறோம். நீங்கள் இருவரும் வந்து எங்கள் வீட்டில் இருங்கள். தளத்தில் முறையாகப் பதிவு செய்தே கூப்பிடுகிறேன், உங்களைப் பற்றி முதல் நல்ல வார்த்தை நாங்கள் எழுதுகிறோம். பஸ்ஸில் வந்தால் மலைக்கு வர இ-பாஸ் என்ற இணைய அனுமதி வேண்டாம், காரில் என்றால் எடுத்துக்கொண்டு வா. பழனி வழியாக வாருங்கள், பெருமாள்மலையில் இறங்கினால் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். விறகு வெட்டி அடுக்கிவிட்டேன். ராத்திரி காட்டெருமை தோட்டத்துக்குள் வந்தால் டார்ச்சை அடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள், வெளியே போகாதே. காலையில் மூட்டம் விலகியதும் ஜன்னல்களைத் திறந்துவிடு. தெற்கு அறை பீரோவை மட்டும் மறக்காமல் திறந்து வை, அங்கேதான் முதலில் ஈரம் ஏறும்.

தேதியை எழுது.

உன்
தாமஸ்