நேரு ஸ்டேடியத்தின் பழைய கதையை வாசலிலேயே எழுதி வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
வேப்பேரி, சென்னை.

பெறுநர்:
உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்,
சென்னை.

பொருள்: பெரியமேடு ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் அதன் வரலாற்றைச் சொல்லும் பலகையும் ஒரு சிறு காட்சிக்கூடமும் அமைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளை ஓட்டப் பந்தயத்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டி வந்தவன் நான். ஒருமுறை 4x100 ரிலேவுக்கு வார்ம்-அப் செய்துகொண்டிருந்தபோது, இங்கே டெஸ்ட் மேட்ச் நடந்திருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். ஒரு பையன் நின்றுவிட்டான். டிராக்கை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சார், அது சேப்பாக்கம் சார்" என்று என்னைத் திருத்தினான். அவன்மீது தப்பே இல்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பழைய ஆட்கள் இதை இன்றும் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்றுதான் சொல்வார்கள். 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் மைதானம் இதுதான். மொத்தம் 9 டெஸ்ட். அதில் 6 ஜனவரியில், பொங்கலை ஒட்டி நடந்தவை. முதல் டெஸ்டே பெரிய டெஸ்ட். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். முதல் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. அந்த உலக சாதனையை முறியடிக்க 2008 வரை, 52 வருடம் ஆனது. அதே ஆட்டத்தில் மன்கட் அடித்த 231, டெஸ்டில் ஓர் இந்தியரின் அதிகபட்ச ஸ்கோராக 1983 வரை நின்றது. அதைத் தாண்டிய கவாஸ்கரின் 236-ம் இதே ஊரில், சேப்பாக்கத்தில் வந்ததுதான்.

1962-ல் இங்கிலாந்தை 128 ரன்னில் வென்று, அவர்களுக்கு எதிராக முதன்முறையாக ஒரு தொடரையே நாம் கைப்பற்றியதும் இங்கேதான். சலீம் துரானிக்கு அந்த ஆட்டத்தில் 10 விக்கெட். பட்டோடி தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்ததும் அதே ஆட்டத்தில்தான்.

ஆனால் என் மனதில் முதலில் நிற்பது 1964 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. அப்பா சொல்லிச் சொல்லி நானே பார்த்தது போல ஆகிவிட்டது. அவர் சென்ட்ரல் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தவர். நைட் டியூட்டி முடிந்து, தூங்காமல் அங்கிருந்து நடந்தே ஸ்டேடியத்துக்குப் போயிருக்கிறார். இங்கிலாந்து பேட்டிங். நம்முடைய பாபு நட்கர்னி பந்து போடுகிறார். ஒரு ஓவர் மெய்டன், அதாவது ரன்னே இல்லை. அடுத்ததும் மெய்டன். அப்புறமும் மெய்டன். சட்டைப்பையில் கிடந்த பார்சல் ரசீதின் பின்பக்கத்தில் அப்பா பந்துக்கு ஒரு புள்ளி என்று பென்சிலால் வைத்துக்கொண்டே போயிருக்கிறார். ரசீதில் இடம் தீர்ந்துபோனது; ரன் வரவில்லை. தொடர்ந்து 21 மெய்டன் ஓவர்கள்; அவற்றுக்கு முன்பின் பந்துகளையும் சேர்த்தால் 131 பந்துகளில் ஒரு ரன்கூட இல்லை. அந்த இன்னிங்ஸில் நட்கர்னியின் கணக்கு 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன். வலைப்பயிற்சியில் பிட்ச்சில் ஒரு காசை வைத்து அதன்மேலேயே பந்தைப் போட்டுப் பழகியவர் அவர். அந்த இன்னிங்ஸில் அவருக்கு விக்கெட் ஒன்றும் விழவில்லை, ஆட்டமும் டிராதான். இருந்தாலும் அப்பா கடைசிவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ரசீது எங்கள் வீட்டில் இல்லை. வீடு மாறியபோது போய்விட்டது. இப்படி எத்தனை வீட்டில் எத்தனை டிக்கெட்டும் போட்டோவும் போயிருக்கும் என்று நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது.

கிரிக்கெட்டோடு இந்த இடத்தின் கதை முடிவதில்லை. இந்தப் பக்கமெல்லாம் முன்பு பீப்பிள்ஸ் பார்க். 1859-ல் ஆளுநராக வந்த ட்ரெவெல்யன் காலத்துப் பூங்கா. பார்க் டவுன் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பிய பிறகு இது கால்பந்துக்கும் தடகளத்துக்கும் வீடானது. 1993-ல் நேரு கோப்பைக் கால்பந்து, 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி, இப்போது சென்னையின் எஃப்.சி. ஆட்டங்கள். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா பக்கத்து உள்விளையாட்டரங்கில் நடந்ததை உலகமே பார்த்தது. பாட்டுக் கச்சேரி பார்க்க மட்டும் இங்கே வந்தவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு.

ஐயா, நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. பிள்ளைகள் உள்ளே வரும் வாசலிலேயே, நின்று படிக்கிற உயரத்தில், தமிழில் ஒரு பலகை வேண்டும். 413-ம் 131-ம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே எங்காவது அப்படி ஒன்று இருந்தால், அதைப் பொதுமக்கள் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவந்தால்கூடப் போதும். ஸ்டாண்டுக்குக் கீழே ஓர் அறையோ ஒரு சுவரோ ஒதுக்கி, அந்த 9 டெஸ்டின் ஸ்கோர்கார்டுகளையும், கால்பந்து, தடகளப் படங்களையும் மாட்டலாம். பழைய டிக்கெட், படம், நினைவுகளைத் தரச் சொல்லி ஆணையமே மக்களிடம் ஓர் அறிவிப்பு வெளியிடலாம். இதில் மட்டும் தாமதம் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஆட்டங்களை நேரில் பார்த்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய ஒரு போனும் பொறுமையாகக் கேட்கிற ஓர் ஆளும் இருந்தால் போதும். அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்ய நான் தயார். வாரத்தில் எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன்.

இந்த மனுமீது தகுந்த நடவடிக்கை எடுத்து, எடுத்த முடிவை எனக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
வேப்பேரி.