பெரிய தம்பிக்கு, மதர்போர்டு பற்றி

பாயான் பாரு,
பினாங்கு.

அன்புள்ள பெரிய தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாளும் கிடைத்துவிட்டது. பழுதாகிவிட்ட நம் கணினிக்காக நீ அனுப்பிய உதிரிபாகப் பட்டியலை நான்கு முறை படித்துவிட்டேன். பதிலைப் பேசியே சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அழைத்துப் பார்த்தேன், மணி அடித்து அடித்து ஓய்ந்துபோயிற்று. வேலை மிகுதியாக இருக்கும் என்று அப்பா சொல்கிறார். பெர்த்துக்கும் பினாங்குக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால், நீ உறங்கும் நேரத்தில் நான் அழைத்துவிடவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். போகட்டும், கடிதமாக எழுதினால் உனக்கு முடிந்தபோது படிப்பாய்.

முதலில் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பாகத்தையும் தாங்குகிற மதர்போர்டு பி760, அதில் வைஃபை, டிடிஆர்5 ரேம், ஐ5 புராசசர் என்று நீ எழுதியிருப்பதையெல்லாம் கூட்டினால் 2,400 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. பணத்தை நீயே அனுப்பிவிடுவதாகவும் எழுதியிருக்கிறாய். அனுப்பாதே, தம்பி. எனக்குச் சேமநிதிப் பணம் இருக்கிறது, தவிரவும் இந்த வீட்டுக்கு அவ்வளவு பெரிய போர்டு தேவையே இல்லை. அப்பா காலையில் செய்தி படிக்கிறார், பழைய பாடல் கேட்கிறார், தைப்பூசத்தன்று தண்ணீர்மலை நேரலையைப் பார்க்கிறார். நான் கோயில் மாதர் பிரிவின் கணக்கை எழுதுகிறேன். மற்றபடி ஞாயிறு இரவு எட்டு மணிக்கு உங்கள் மூவரின் முகமும் அதில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். உன் பணத்தை நீயே வைத்துக்கொள். உனக்கு அங்கே என்னென்ன செலவு இருக்கிறதோ, எனக்கு என்ன தெரியும்.

கைப்பேசியே போதும் என்று நீ சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பாவின் கண்ணுக்கு அந்த 22 அங்குலத் திரையில்தான் பாப்பாவின் முகம் முழுதாகத் தெரிகிறது. அந்தத் திரையில் படத்துக்கான பழைய விஜிஏ இணைப்பு ஒன்றுதான் உண்டு, ஆகவே வாங்குகிற போர்டின் பின்புறத்தில் விஜிஏ இருக்க வேண்டும், இதை மறந்துவிடாதே. கடைசியாக அதில் பேசிய அன்று, உன் முதுகுக்குப் பின்னால் பாப்பா வரைந்த படங்கள் ஒட்டியிருந்த சுவர் வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்குச் சாயம் அடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். மருமகள் கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னாய், அதற்கு முந்தைய வாரமும் அப்படித்தான் சொன்னாய். நான் கேட்டதாக அவளிடம் சொல்.

புக்கிட் ஜம்புலில் ஒரு கடைக்குக் கணினியைக் கொண்டுபோய்ச் சோதித்ததில், போனது மதர்போர்டு ஒன்றுதான் என்று தெரிந்தது. புராசசர், ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை ஆகியவற்றைக் கடைப் பையன் வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கின்றன என்றான். நீ 2018 தீபாவளிக்கு வந்திருந்தபோது கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து பூட்டிய கணினி அது, நான்தான் டார்ச் பிடித்தேன். பழையதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். முடிந்தது விண்டோஸ் 10-க்கு, நம்முடைய புராசசருக்கு அல்ல. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் இன்டெல் வரிசை பொதுவாக எட்டாம் தலைமுறையில் தொடங்குகிறது, நீ போட்டுத் தந்த ஐ3-8100 அந்த எட்டாம் தலைமுறைதான். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லைத் தனியாக வாங்க வேண்டியதில்லை, கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் பிடிடி என்பதை இயக்கிவிட்டால் போதும் என்று பையன் காட்டினான். நான்கு கோர் உள்ள நல்ல புராசசரையும் 8 ஜிபி டிடிஆர்4 ரேமையும் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. கணக்குப் போட்டாலும் அவற்றை வைத்துக்கொண்டு போர்டை மட்டும் மாற்றுவதுதான் சிக்கனம்.

ஆனால் அந்த ஒன்றை மாற்றுவதிலும் நான் ஏமாறப் பார்த்தேன். முதல் கடையில் 120 ரிங்கிட்டுக்கு ஒரு போர்டை எடுத்து வைத்து, 'சாக்கெட் 1151தான், ஆன்ட்டி, உங்கள் புராசசர் உட்காரும்' என்றார்கள். எண் சரிதான், உட்காரவும் செய்யும், மூடியும் மூடிக்கொள்ளும், ஆனால் கணினி எழும்பாது. 1151 சாக்கெட் 2015-இல் ஆறாம் தலைமுறைக்கு வந்தது. எட்டாம் தலைமுறைக்கும் அதே எண்ணை வைத்துக்கொண்டு உள்ளே சில பின்களின் வேலையை மாற்றிவிட்டார்கள், அதற்குப் போர்டில் 300 வரிசை சிப்செட் என்ற கட்டுப்பாட்டுச் சில்லு இருந்தே ஆக வேண்டும். உன் பழைய போர்டின் அட்டைப் பெட்டியை நான் எறியாமல் அலமாரிக்கு மேல் வைத்திருந்ததால் அதில் எச்310 என்று எழுதியிருப்பதை முன்னரே பார்த்துக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் நீட்டிய போர்டில் எச்110 என்று அச்சிட்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

புதிதாகவே வாங்குவதென்றால் எச்610 போதும், பி760 வேண்டாம். எச்610 வந்தது 2022-இல், சாக்கெட் 1700, பன்னிரண்டாம் தலைமுறையிலிருந்து பதினான்காம் தலைமுறைவரை ஏற்கும். அதில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு. நம் ரேமை வைத்துக்கொள்ள வேண்டுமானால் டிடிஆர்4 என்று கேட்டு வாங்க வேண்டும், மாறி வாங்கிவிட்டால் ரேமில் உள்ள வெட்டு பொருந்தாது, ரேம் விற்கிற விலையில் புதிதாக வாங்குவது கட்டாது. போர்டு 330, ஐ3-12100 புராசசர் 450, ஆக 780 ரிங்கிட் என்று விலை சொன்னார்கள். 12100எஃப் எடுத்துக்கொண்டால் நூறு ரிங்கிட் குறையும் என்று அந்தப் பையன் ஆசை காட்டினான். எஃப் என்ற எழுத்து உள்ள புராசசரில் படம் காட்டும் பகுதி கிடையாது, கிராஃபிக்ஸ் கார்டைத் தனியாக வாங்கிப் போட்டால்தான் திரையில் ஏதாவது தெரியும். யார் சொன்னாலும் எஃப் வேண்டாம். ஏஎம்டி பக்கம் போனால் ஏ520 போர்டும் ரைசன் 5 5600ஜி புராசசரும் நல்ல சேர்க்கை, அங்கே ஜி என்ற எழுத்து இருக்க வேண்டும். விலையும் ஏறத்தாழ அதே அளவில்தான் வருகிறது. இன்டெல் ஆகட்டும் ஏஎம்டி ஆகட்டும், இரண்டும் 1972-இல் நம் பாயான் லெப்பாஸுக்கு வந்தவை. எதை வாங்கினாலும் எனக்கு நம் ஊர்ப் பொருளைப் போலத்தான்.

எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து, பழைய எச்310 ஒன்றையே தேடுவது என்று முடிவு செய்தேன். மூன்றாவது கடையில் கிடைத்தது, 170 ரிங்கிட், மூன்று மாத உத்தரவாதம். இரண்டு ரேம் துளை, விஜிஏ, எச்டிஎம்ஐ எல்லாம் இருக்கின்றன, மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு என்பதால் நம் பெட்டியில் அப்படியே பொருந்தும். பழைய பொருள் ஆகையால் தொழிற்சாலையில் நான் வைத்திருந்த பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். முதலில் கெப்பாசிட்டர்களின் தலையைப் பார்த்தேன், ஒன்றும் உப்பியிருக்கவில்லை. பிறகு சாக்கெட் மூடியைக் கழற்றச் சொல்லி விளக்குக்கு அடியில் போர்டைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தேன். 1,151 பின்களும் ஒரே சாய்வில் நின்றால் வெளிச்சம் வரிசை வரிசையாக ஒரே மாதிரி ஓடும், ஒன்று வளைந்திருந்தாலும் அந்த இடத்தில் மினுக்கம் தப்பும். நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கும் தப்பவில்லை. இத்தனை நேரம் பார்க்கிற வாடிக்கையாளரைக் கண்டதில்லை என்று கடைக்காரர் சொன்னார். இருபத்தேழு ஆண்டுகள் நுண்ணோக்கிக்கு அடியில் சில்லுகளில் தங்கக் கம்பி இணைத்தவள் என்று சொன்னேன். அதன் பிறகு அவர் எனக்கு நாற்காலி போட்டார்.

தம்பி, இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன்.

நான் சொன்னதுபோல நம் கணினி மின்னலில் போகவில்லை. மின்னல் அடித்தால் பவர் சப்ளை அல்லவா முதலில் போகும், அது எப்படித் தப்பியது என்று நீ அன்றைக்கே கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் நீ வந்து தூசி தட்டி, காற்றாடியைக் கழற்றிப் புராசசரின் சூட்டைக் கடத்துகிற பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்துவிட்டுப் போவாய். இரண்டு தீபாவளியாக நீ வரவில்லை. காற்றாடி இரைந்துகொண்டே இருந்தது. உனக்கு எத்தனையோ தொல்லை இருக்கும், இதற்காக உன்னைக் கூப்பிட வேண்டாம், நானே செய்துவிடலாம் என்று ஒருநாள் அப்பா உறங்கிய பிறகு உட்கார்ந்தேன். புராசசரின் மேற்பரப்பைத் துடைத்தாலே போதும், அதை வெளியே எடுக்கத் தேவையில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதன் அடிப்பக்கத்தில் உள்ள தங்கப் புள்ளிகளை ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டேன். நான் இணைத்த கம்பி தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு பருமன்கூட வராது. இந்தக் காலத்துப் புராசசரில் அந்தக் கம்பி வேலை கிடையாது, எல்லாம் வேறு முறை. இருந்தாலும் பார்க்க வேண்டும் போலிருந்தது. நெம்புகோலைத் தூக்கி, இரண்டு விரலால் எடுத்தேன். நழுவிவிட்டது. சாக்கெட்டின் பின்கள் மேல் ஒரு மூலை குத்தி விழுந்தது.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, மழைக்குச் சாய்ந்த நெற்பயிரைப் போல ஏழு பின்கள் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தன. தையல் ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தப் பார்த்தேன். மூன்று நிமிர்ந்தன. நான்காவது என் ஊசியோடு ஒடிந்து வந்துவிட்டது. அந்தக் கணினியில் நீ எடுத்துக்கொண்ட அத்தனை கவனத்தையும் நான் ஒரு நொடியில் பாழாக்கினேன். விடியும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், காலையில் அப்பா கேட்டதற்கு மின்னல் என்று சொல்லிவிட்டேன். அவர் இன்றுவரை அதை நம்புகிறார். என் வலது கை ஓராண்டாக நடுங்குகிறது. கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, கைதான் கேட்பதில்லை. மருத்துவமனைக்குப் போனேன், மாத்திரை தந்திருக்கிறார்கள், பயப்படும்படி ஒன்றும் இல்லை. உன் தங்கைக்கும் தெரியாது. கவலைப்படுவாய் என்று உன்னிடம் மறைத்தேன். அப்படி மறைத்துக்கொண்டு உன்னுடன் பேசிய ஒவ்வொரு ஞாயிறும் நான் சரியாகப் பேசவில்லை, ரேம், தூசி, காற்றாடி என்று எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். நீ ஏதாவது சொல்ல வாயெடுத்திருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தனியாக இருந்தால் நீ ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். ரசப்பொடியும் பருப்புப்பொடியும் அங்கே சுங்கத்தில் விடுவார்களா என்று கேட்டு எழுது. தீபாவளி வரைக்கும் காத்திருக்காமல் இடையிலேயே விடுமுறை கிடைக்குமானால் வந்துவிட்டுப் போ. பாப்பாவையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு வர முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் நீ மட்டும் வந்தாலும் உன் அறை அப்படியே இருக்கிறது. எதற்காக வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டோம்.

போர்டு விஷயமாக இரண்டு விவரம் மட்டும் எழுதி அனுப்பு. நீ 2018-இல் வாங்கிய விண்டோஸ் உரிமம் கடையில் தனியாக வாங்கியதா, அல்லது போர்டோடு சேர்ந்து வந்ததா என்று தெரிய வேண்டும். தனியாக வாங்கியதென்றால் புதுப் போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாமாம், சேர்ந்து வந்ததென்றால் பழைய போர்டோடு போய்விடுமாம். அந்த உரிமத்தை எந்த மின்னஞ்சல் கணக்கில் இணைத்திருந்தாய் என்பதையும் எழுது. பணம் அனுப்பாதே. எஃப் எழுத்துப் புராசசர் எதையும் அங்கிருந்து வாங்கி அனுப்பாதே.

எச்310 போர்டை நேற்றே 170 ரிங்கிட் கொடுத்து வாங்கிவிட்டேன். ஐம்பது ரிங்கிட் கொடுத்தால் கடையிலேயே பூட்டித் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாக்கெட்டின் மேல் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. உன் பழைய பெட்டிக்குள் வைத்து, உன் அறை அலமாரியில், எறும்பு ஏறாத மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அந்த மூடியை நான் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா